புளோக்குக்குக் கீழே ஒரு துணைமின்நிலையம்

நம்மில் பலர் வீவக அடுக்குமாடிகளில் வளர்ந்தவர்கள். கீழ்த்தளத்திலோ கார் நிறுத்துமிடத்தின் ஓரத்திலோ, காற்று புகும் இடுக்குகள் வைத்த கதவுடன் பூட்டியே கிடக்கும் ஓர் அறையைப் பார்த்திருப்போம். எச்சரிக்கைப் பலகையில் 'அபாயம்' என்ற தமிழ்ச் சொல்லும் இருக்கும். ஆனால், உள்ளே நடப்பதைத் தமிழில் விளக்கும் கட்டுரைகளை நான் அதிகம் கண்டதில்லை. மின்பொறியியல் பயின்றவன் என்ற முறையில் இங்கே முயல்கிறேன்.

சிங்கப்பூரில் மின்சாரம் 400, 230, 66 கிலோவோல்ட் எனப் படிப்படியாக இறங்கி, பெரும்பாலும் 22 கிலோவோல்ட்டில் நிலத்தடிக் கம்பிவடம் வழியாக இந்த அறைக்கு வருகிறது. வீட்டுக்குத் தேவையானதோ 230 வோல்ட். அந்தக் கடைசி இறக்கம் நம் வாசலுக்கு இவ்வளவு அருகில் நடப்பது ஏன்?

கணக்கைப் பாருங்கள். அறையிலுள்ள மின்மாற்றியின் திறன் 1,000 கேவிஏ என்று கொள்வோம். முழுச் சுமையில், 22 கிலோவோல்ட் பக்கத்தில் ஓடுவது ஏறத்தாழ 26 ஆம்பியர். அதே ஆற்றலை 400 வோல்ட்டில் அனுப்பினால் 1,443 ஆம்பியர், 55 மடங்கு. கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, அதே கம்பியில் இழப்பு 3,000 மடங்கைத் தாண்டும். அதனால்தான் குறைந்த அழுத்த மின்சாரம் சில நூறு மீட்டர் மட்டுமே பயணம் செய்கிறது.

மின்மாற்றியிலிருந்து மூன்று முனைகளும் ஒரு நடுநிலைக் கம்பியும் வெளியேறுகின்றன. முனைகளுக்கிடையே 400 வோல்ட். அது மின்தூக்கி மோட்டாருக்கு. ஒரு முனைக்கும் நடுநிலைக்கும் இடையே 230, அது வீடுகளுக்கு. வீடுகளை மூன்று முனைகளுக்கும் பிரித்துக் கொடுப்பதால்தான், சில வேளைகளில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிய, நம் வீடு மட்டும் இருண்டு கிடக்கிறது. (அறையிலிருந்து வரும் ரீங்காரத்துக்குப் பேய்க்கதை சொன்ன அண்ணன்மார் உண்டு. மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் விநாடிக்கு 100 முறை நுண்ணளவில் நீண்டு சுருங்குவதுதான் அது.)

எனக்கு மிகவும் பிடித்த பகுதி 22 கிலோவோல்ட் வளையம். பல துணைமின்நிலையங்களை வட்டமாக இணைத்திருப்பார்கள். மலேசியாவில் பரவலாகக் காணும் 11 கிலோவோல்ட் வளையத்தில் ஓரிடம் திறந்தே இருக்கும். கம்பிவடம் பழுதானால் அந்தப் பக்கம் முழுவதும் இருளும். பழுதான துண்டைப் பிரித்து, திறந்திருந்த இடத்தை மூடிய பிறகே மின்சாரம் திரும்பும். சிங்கப்பூரின் வளையம் மூடியே இயங்குகிறது. கம்பிவடத் துண்டின் இரு முனைகளிலும் உள்ள காப்புக் கருவிகள், உள்ளே நுழையும் மின்னோட்டத்தையும் வெளியேறுவதையும் ஒப்பிட்டபடியே இருக்கும். இரண்டும் வேறுபட்டால் அந்தத் துண்டு மட்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கப்படும்; மறுபக்கத்திலிருந்து மின்சாரம் தொடரும். நாம் ஒன்றும் அறியோம். இதற்குச் செலவு அதிகம். ஆனாலும் ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான மின்தடையே ஏற்படுவதற்கு இது முக்கியக் காரணம் என்பேன்.

வளையத்தின் இந்தக் காவல் மின்மாற்றியோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள குறைந்த அழுத்தப் பகுதியில்தான் இப்போது புதுச்சுமை ஏறுகிறது. 2030க்குள் 60,000 மின்வாகன மின்னேற்று முனைகள் என்பது 2021இல் அறிவிக்கப்பட்ட இலக்கு. 32 ஆம்பியர் முனை ஒன்று 7.4 கிலோவாட் இழுக்கும். இரவு ஒன்பது மணிக்கு 50 கார்கள் ஒன்றாக இணைந்தால் 370 கிலோவாட். நம் 1,000 கேவிஏ மின்மாற்றியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வீடுகளில் குளிர்சாதனங்கள் ஓடத் தொடங்குவதும் அந்நேரத்தில்தான். பெரிய மின்மாற்றி வைக்கலாமே என்றால், பழைய புளோக்கின் கீழ் அந்த அறையை அகலப்படுத்த இடமிருப்பதில்லை. எனவே ஒவ்வொரு காருக்கும் சற்றுக் குறைத்துக் கொடுத்து, மின்னேற்றத்தை விடியும்வரை நீட்டிக்கும் சுமைப் பங்கீட்டு முறையே கைகொடுக்கும். காலை ஆறு மணிக்கு மின்கலம் நிறைந்திருந்தால் போதும் என்பவருக்கு அதனால் ஓர் இழப்பும் இல்லை. இரவு பத்து மணிக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டிய வாடகைக்கார் ஓட்டுநருக்கு அந்த ஏற்பாடு ஒத்துவராது. அவருக்கு விரைவு மின்னேற்று நிலையம் தனியாக வேண்டும்.