தேளி மீன்: இயல்பும் பிடிக்கும் முறையும்

ஏரி வற்றும் காலத்தில் சேற்றைத் துழாவி மீன் பிடிப்போர், தேளியின் முள் குத்தி வேதனைப்படுவதை உழவர்கள் அறிவர். இம்மீனின் இயல்பை அறிந்து பிடித்தால் கைக்கும் தீங்கில்லை. அடுத்த ஆண்டுக்கும் மீன் இருக்கும்.

இயல்பு

தேளி, கெளுத்தி வகையைச் சேர்ந்த நன்னீர் மீன். உடலில் செதில் இல்லை. வாயைச் சுற்றியுள்ள நான்கு இணை மீசைகளால் கலங்கிய நீரிலும் இருளிலும் இரையைத் தடவி அறிகிறது. செவுள் அறையிலிருந்து உடலின் இருபுறமும் வால் நோக்கி நீண்ட காற்றுப்பைகள் உள்ளன. நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்குவதால், பிற மீன்கள் மடியும் குட்டையிலும் இது பிழைத்திருக்கும். பகலில் சேற்றிலும் பாசியிலும் ஒதுங்கி, இரவில் புழு பூச்சிகளைத் தேடித் தின்னும்.

இனப்பெருக்கம்

மழைக்காலமே முட்டையிடும் பருவம். வெள்ளம் பரவும்போது சினை மீன்கள் ஆழம் குறைந்த பள்ளங்களையும் நெல் வயல்களையும் நாடும். அப்போது வாய்க்காலை அடைத்துப் பறி வைத்தால் வரும் ஆண்டின் மீனையும் சேர்த்துப் பிடித்தவர் ஆவோம். வயிறு பருத்த சினை மீன்களைத் திரும்ப நீரில் விட்டுவிடுங்கள்.

பிடிக்கும் முறைகள்

1. தூண்டில்: மாலை மங்கிய பின் போடுவது நல்லது. மண்புழுவை இரையாகக் கோத்து, தூண்டில் முள் தரையை ஒட்டி நிற்குமாறு விடவும்.

2. பறி: மழைக்காலம் கழிந்தபின், பாசியோரத்தில் மாலையில் வைத்துக் காலையில் எடுக்கவும்.

3. ஊத்தா: முழங்கால் அளவு நீர் நிற்கும்போது ஏற்றது. கவிழ்த்த ஊத்தாவினுள் வெறுங்கையை விடாமல், சிறு கைவலையால் மீனை அள்ளுங்கள்.

பூச்சி மருந்தை நீரில் கலந்து மீன் பிடிப்பது கூடவே கூடாது. குஞ்சுகள் அனைத்தும் மடியும்; அம்மீனை உண்போருக்கும், அந்நீரைக் குடிக்கும் கால்நடைகளுக்கும் ஆபத்து.

முள் குத்தினால்

செவுளை அடுத்த இரு துடுப்புகளிலும் நச்சு முள் உள்ளது. குத்திய இடத்தைக் கழுவி, வெளியே தெரியும் முள் துண்டை எடுத்துவிடவும். பின்பு பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். கொதிநீர் வேண்டாம், சூட்டை முதலில் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ, வீக்கம் பரவினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் செல்லவும். இரணஜன்னித் தடுப்பூசி பற்றியும் அவரிடம் கேளுங்கள்.

பிடித்த மீனை வாயகன்ற பானையில் சிறிது நீர் விட்டு, காற்றுப் புகுமாறு மூடி வைத்தால் உயிருடனேயே சந்தைக்குக் கொண்டு செல்லலாம்.