உண்ணிக்குப் பயந்து பொருக்கை விட்டுவிடாதீர்கள்

நாயின் காதில் இருந்த உண்ணி பிள்ளையின் கழுத்தில் ஏறிவிட்டது. செல்போனில் தேடினால் 'லைம் நோய்' என்று வருகிறது. நரம்பும் மூட்டும் போய்விடும் என்கிறது. ராமநாதபுரம், ராமேசுவரம் பக்கம் இருப்பவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

லைம் என்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். 1975 வாக்கில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியதால் அந்தப் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. 1982-இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர் உண்ணிக்குள் இருந்த கிருமியைக் கண்டுபிடித்தார். அதைப் பரப்பும் இக்சோடிஸ் உண்ணிக்குக் குளிர்ந்த, ஈரமான காடு வேண்டும். கமுதியிலும் கடலாடியிலும் அதற்கு என்ன வேலை? இந்தியாவில் அரியானா, வயநாடு, வடகிழக்கு மலைகள் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் லைம் பதிவாகியிருக்கிறது. நம் நாய், ஆடு, மாடுகளின் மேல் இருப்பவை வேறு உண்ணிகள். அவற்றின் கடியாலும் அபூர்வமாகக் காய்ச்சல் வரலாம் என்பதால் அலட்சியமும் கூடாது.

'பீடி நெருப்பு வைத்தால் உண்ணி தானாக விழுந்துவிடும்.' விழலாம். சூடு பட்டதும் வயிற்றில் உள்ளதைக் கடிவாயில் கக்கிவிட்டும் விழலாம். மண்ணெண்ணெயும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

'பூச்சி கடித்திருந்தால் எனக்குத் தெரியாதா?' தெரியாது. நாம் உண்மையில் கவனிக்க வேண்டிய நோய் இங்கேதான் இருக்கிறது. ஸ்க்ரப் டைபஸ் என்ற இந்தக் காய்ச்சலைப் பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகின்றன. பரப்புவது நாம் அறிந்த உண்ணி இல்லை; புல்லிலும் புதரிலும் வாழும் ஒருவகைச் சிலந்திப்பேனின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் கால்வாசிகூட இருக்காது. அது கடித்தால் வலி இல்லை, பெரும்பாலும் அரிப்பும் இல்லை. பத்து நாள் கழித்து காய்ச்சலும் மண்டையிடியும் வரும்போது புதருக்குள் போனது யாருக்கு நினைவிருக்கும்?

உடம்பு மட்டும் அடையாளம் வைத்திருக்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். எல்லாருக்கும் இது வருவதில்லை. வந்தாலும் ஒளிந்த இடமாகத்தான் பார்த்து வரும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா இறுகும் இடுப்பு, குழந்தைகளுக்குக் காதின் பின்புறம். சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் பெண்கள், வெள்ளாடு மேய்ப்பவர்கள், கண்மாய்க் கரைப் புதரில் ஒதுங்குபவர்கள் எல்லாம் அந்தக் குஞ்சு இருக்கக்கூடிய இடங்களில்தான் நாளெல்லாம் புழங்குகிறார்கள். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் டாக்டர் சேலையை விலக்கிப் பார்ப்பதில்லை, நோயாளியும் கூச்சத்தில் சொல்வதில்லை. பல நாள் வீணாவது இதனால்தான் என்பது என் எண்ணம். மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர்மாதங்களிலும் காய்ச்சல் வந்தால், வீட்டிலேயே ஒருவர் உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாமே.

'ஆடு மாடு இல்லாத வீட்டுக்கு வராது.' இந்தப் பூச்சி ஒட்டி வாழ்வது பெரும்பாலும் எலியின் மேல். அதோடு, கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடுகிறது. வீட்டின் பின்னால் புதர் மண்டிய காலிமனை இருந்தாலே போதும்.

'டைபாய்டு என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, ஊசி போட்டால் சரியாகும்.' வைடால் பரிசோதனை டைபாய்டு இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். ஸ்க்ரப் டைபஸுக்குப் பார்க்கும் பழைய வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனையோ நோய் இருந்தும் நெகடிவ் காட்டும்; ஐஜிஎம் எலிசா அதைவிட நம்பகமானது. இந்தக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வது. டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி எத்தனை போட்டாலும் இதற்குக் கேட்காது. கேட்பது டாக்சிசைக்ளின், விலை மலிவான பழைய மாத்திரை. உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். முற்றிய நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது.

'டாக்சிசைக்ளின் கொடுத்தால் பிள்ளைக்குப் பல் கறை பிடிக்கும்.' பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளால் வந்த பயம் இது. சில நாள் கொடுக்கும் டாக்சிசைக்ளினால் அப்படி ஆவதாகத் தெரியவில்லை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். எதுவானாலும் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு.

'ஒட்டுவாரொட்டி.' ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாது. தட்டையும் பாயையும் பிரிக்க வேண்டாம். நோயாளியோடு விறகுக்குப் போனவர்களுக்கும் காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.