ஆயில் ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மனித உடலில் இரத்தத்தைத் தூய்மைப்படுத்தச் சிறுநீரகங்கள் இருப்பதை அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குள்ளும் எண்ணெயாகிய இரத்தம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் தூய்மை செய்யும் சிறுநீரகமே ஆயில் ஃபில்டர் எனப்படும் எண்ணெய் வடிகட்டி. மனிதருக்குச் சிறுநீரகத்தை மாற்ற வேண்டுமானால் எத்தனை பரிசோதனைகள் செய்து பொருத்தம் பார்க்கிறார்கள்! ஃபில்டரை மாற்றும்போது மட்டும், "பழையது மாதிரியே ஒன்று கொடுங்கள்" என்று கடையில் கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம். அந்த "மாதிரியே" என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது.

இந்தத் தலைப்பில் எழுதப் போகிறேன் என்றதும் தோழி ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். "சமையல் குறிப்பு எழுதேன்" என்றாள். ஆனால் நம் ஓசூரில் இது ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அன்றோ? 1980ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலை இங்கே வந்தது. அதே ஆண்டில்தான் டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் இவ்வூரிலிருந்து வெளிவந்து தமிழ்நாட்டின் சந்து பொந்துகளிலெல்லாம் ஓடத் தொடங்கியது. நம் பள்ளிக்கு வரும் தந்தையரில் பலர் வண்டி செய்கிறவர்கள், அல்லது வண்டி ஓட்டுகிறவர்கள். இன்று தொழிற்சாலை வாயில்களில் சீருடை அணிந்து நுழையும் அக்காமார்களும் ஏராளம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நம் வண்டியில் ஃபில்டர் இருக்கிறதா என்பதே. பழைய டி.வி.எஸ். 50 இரண்டு வீச்சு எஞ்சின் கொண்டது. அதில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவார்கள். எஞ்சினில் அது எரிந்து புகையாகப் போய்விடும். வடிகட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு வீச்சு எஞ்சின் கொண்டது. அதற்குத் தனியாக எண்ணெய் உண்டு. அதைக் காலந்தோறும் மாற்ற வேண்டும். ஹீரோ ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் காகித ஃபில்டர் கிடையாது. கம்பிவலைச் சல்லடை ஒன்றும், சுழற்சியினால் அழுக்கை ஓரத்திற்கு ஒதுக்கும் கிண்ணம் ஒன்றும் உண்டு. அவற்றைக் கழுவிப் பொருத்தினால் போதும். ராயல் என்ஃபீல்டு முதலிய மோட்டார் சைக்கிள்களில் பக்கவாட்டு மூடிக்குள் காகித உருளை இருக்கும். சில உருளைகளுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் உண்டு. மாற்றி வைத்தால் எண்ணெய் செல்லும் வழியே அடைபட்டுவிடும். மின்சார ஸ்கூட்டருக்கு இந்தக் கவலையே இல்லை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இப்போது அவையும் ஆயிரக்கணக்கில் தயாராகின்றன.

கார்களிலும் சிறிய சரக்கு வண்டிகளிலும் பெரும்பாலும் காண்பது தகர டப்பா போன்ற, திருகிப் பொருத்தும் ஃபில்டர். இனி அதைப் பற்றியே பார்ப்போம்.

தொடக்கக் காலக் கார்களில் ஃபில்டரே கிடையாது. அமெரிக்காவில் எர்னெஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவரும் ஜார்ஜ் கிரீன்ஹால்ஜ் என்பவரும் 1923இல் இதனைக் கண்டுபிடித்தார்கள். டப்பாவின் அடித்தட்டில் ஓரமாகச் சிறு துளைகள் வட்டமாக இருக்கும். எண்ணெய் அவற்றின் வழியே நுழைந்து, விசிறிபோல் மடித்த காகிதத்தைக் கடந்து, நடுவில் உள்ள பெரிய துளை வழியே வெளியேறும். நம் தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அதைவிடச் சிறிய துகள்களையும் நல்ல காகிதம் பிடித்துவிடும். எஞ்சினின் உலோகப் பாகங்களுக்கு இடையே நிற்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் தடிப்பே உடையது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத தூசியும் அங்கே அரமாகி உலோகத்தை அராவிவிடும்.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நடுத்துளையின் மரை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா பாகலூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரோஜாப் பூக்களை ஏற்றிக்கொண்டு, இரவோடு இரவாகப் பெங்களூர்ச் சந்தைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். ஆயில் மாற்றுவதை வீட்டு வாசலிலேயே செய்துகொள்வார். சென்ற தை மாதம் ஒரு கடையில் அவசரத்தில் எடுத்துக் கொடுத்த ஃபில்டர் பழையதைப் போலவே இருந்தது. அதே உயரம், அதே பருமன். திருகியதும் இறுகியும் விட்டது. அன்றிரவு அத்திப்பள்ளியைத் தாண்டியதும் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. அப்பா அந்த நொடியே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை ஓரத்தில் உருட்டி நிறுத்தினார். கீழே குனிந்து பார்த்தால் ஃபில்டரைக் காணோம். சாலை நெடுக எண்ணெய்க் கோடு. எஞ்சின் தப்பியது. பூ தப்பவில்லை. விடிந்த பிறகு சந்தைக்குப் போகும் ரோஜாவை யார் வாங்குவார்கள்?

மறுநாள் அப்பா பழைய ஃபில்டரையும், அதே கடையில் அதே எண்ணுள்ள இன்னொன்றையும் கொண்டு வந்தார். அறிவியல் ஆசிரியையிடம் அனுமதி பெற்று நான் இரண்டின் துளைகளையும் வெர்னியர் அளவியால் அளந்தேன். பழையதின் துளை 17.3 மி.மீ.; புதியதின் துளை 18.4 மி.மீ. எஞ்சினில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைத்தண்டின் பருமனோ 19 மி.மீ. ஆகவே சரியான ஃபில்டரில் மரைப்பற்கள் ஒன்றையொன்று பற்றும் ஆழம் பக்கத்திற்கு 0.85 மி.மீ.; தவறானதில் 0.3 மி.மீ.தான். மூன்றில் ஒரு பங்கு!

காரணம் இதுதான். உலகில் இந்த ஃபில்டர்களுக்கு இரண்டு மரை அளவுகள் மிகுதியாக வழங்குகின்றன. ஒன்று முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ.; அங்குலத்திற்கு 16 மரைகள். டொயோட்டா கார்கள் பலவற்றில் இதுவே. மற்றொன்று 20 மி.மீ.; மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி. ஹோண்டா கார்கள் பலவற்றில் இது. அங்குலத்திற்கு 16 என்றால் இடைவெளி 25.4 ÷ 16 = 1.5875 மி.மீ. வேறுபாடு மிகச் சிறியது. அதனால்தான் 20 மி.மீ. ஃபில்டர் முக்கால் அங்குலத் தண்டில் இரண்டு மூன்று சுற்று ஏறி, பிறகு மரைகள் ஒத்துப் போகாமல் சிக்கி, இறுகியதுபோல் ஏமாற்றுகிறது. அறவே ஏறாமலிருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்!

இனி அந்த 0.3 மி.மீ. எவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டும் என்று கணக்கிடுவோம். ரப்பர் வளையத்தின் விட்டம் 6 செ.மீ. என்றால் பரப்பளவு 3.14 × 3 × 3 = 28.26 சதுர செ.மீ. எண்ணெய் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 4 கிலோ என்று கொண்டால், ஃபில்டரை வெளியே தள்ளும் விசை 28.26 × 4 = 113 கிலோ எடைக்குச் சமம். இரண்டு மூட்டை சிமெண்டுக்கும் மேல். ஃபில்டர் கழன்று விழுந்ததில் வியப்பென்ன? "விசை = அழுத்தம் × பரப்பு" என்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது, அது எங்கள் வீட்டுப் பூவின் விலையைச் சொல்லும் என்று நான் நினைத்ததில்லை.

மரை சரியாக இருந்தாலும் ரப்பர் வளையத்தின் விட்டம் எஞ்சினின் இருக்கையோடு பொருந்த வேண்டும். அதற்கு மேல் உள்ளே இரண்டு தடுக்கிதழ்கள் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாதவை. ஒன்று, காகிதம் அடைத்துக்கொண்டாலோ குளிரில் எண்ணெய் தடித்திருந்தாலோ திறந்து, வடிகட்டாத எண்ணெயை அப்படியே விடும். அழுக்கு எண்ணெயாவது கிடைப்பது, எண்ணெயே கிடைக்காமலிருப்பதைவிட மேல். இது எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். மிக எளிதில் திறந்தால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை. மற்றொன்று ரப்பர் மடல். படுக்கையாகவோ தலைகீழாகவோ பொருத்திய ஃபில்டரிலிருந்து இரவில் எண்ணெய் வடிந்துவிடாமல் இது தடுக்கும். இது இல்லாவிட்டால் காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் சில விநாடிகள் உலோகம் வறட்சியாக உரசும். மார்கழிக் குளிரில் ஓசூரில் வண்டி கிளப்புகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

டப்பாவை வெளியிலிருந்து பார்த்து இவற்றையெல்லாம் அறிய முடியாது. ஆகவே உருவத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டில் பாக எண் இருக்கும். வேறு நிறுவனத்தின் ஃபில்டர் வாங்கினால் அந்நிறுவனத்தின் பட்டியலில் நம் வண்டியின் பெயர், எஞ்சின், தயாரித்த ஆண்டு மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெயர் ஒன்றாயிருந்தாலும் ஆண்டு மாறினால் எஞ்சின் மாறியிருக்கலாம். போலிகளும் சந்தையில் உண்டு. அச்சு மங்கிய பெட்டி, ஒட்டிய இடம் பிசிறடிக்கும் ரப்பர், பாதி விலை ஆகியவற்றைக் கண்டால் வேறு கடைக்குப் போவதே நல்லது.

மாற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் எண்ணெய் இளகி நன்றாக வடியும். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் வண்டியின் அடியில் படுக்கக் கூடாது. பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையங்கள் சேர்ந்தால் கசிவு நிச்சயம். புதிய வளையத்தில் புது எண்ணெய் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். வளையம் தொட்ட பின் பெரும்பாலும் முக்கால் சுற்றுப் போதும். சரியான அளவு ஃபில்டரின் மேலேயே அச்சிட்டிருக்கும். வளையம் தொடுவதற்கு முன்பே இறுகினால் அது தவறான மரை, நிறுத்திவிடுங்கள். எண்ணெய் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி, கசிவு பார்த்து, அணைத்த பிறகு அளவுகோலில் மட்டத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

கழற்றிய எண்ணெயைச் சிலர் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. நம் சாக்கடை எந்த ஏரிக்குப் போகிறது, எந்த வழியாகத் தென்பெண்ணையைச் சேர்கிறது என்பது இவ்வூரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பழைய ஃபில்டரை ஓர் இரவு தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் வடிந்துவிடும். அதையும் எண்ணெயோடு கேனில் அடைத்து, உரிமம் பெற்றவர்களுக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் இப்போது புதிய ஃபில்டரின் பாக எண்ணையும், மாற்றிய தேதியையும், கிலோமீட்டரையும் நான்தான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கடைக்குப் போகும்போது அப்பா அந்த நோட்டையே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்.