லாபத்தைப் பங்கிடுமுன் வரியைக் கழிப்போம்

கல்யாண மளிகை ஆர்டர் பிடித்துத் தரும் சமையல் காண்டிராக்டருக்கு லாபத்தில் பாதி தருவது நம்மில் பலரது வழக்கம். 2017 ஜூன் வரை வாட், பிறகு ஜி.எஸ்.டி.; எதுவானாலும் வசூலித்த வரி லாபமல்ல.

உதாரணமாக, 5 சதவீத வரியுள்ள சரக்கின் அடக்கம், வரி நீங்கலாக ரூ.9,000. வரியுடன் ரூ.10,500-க்கு விற்கிறோம். இதில் ரூ.500 வரி. லாபம் ரூ.1,000, அவர் பங்கு ரூ.500. வரியைக் கழிக்காமல் பங்கிட்டால் ரூ.750 கொடுப்போம், அதிகப்படி ரூ.250 நம் கைக்காசு.

அவர் நம் கடையின் கூட்டாளி அல்லர். எனவே அவர் பெறுவது கமிஷன். அவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரானால், 18 சதவீத வரி ரூ.90 சேர்த்து ரூ.590-க்குப் பில் கேட்டு வாங்குவோம். அவர் ஒழுங்காக ரிட்டர்ன் தாக்கல் செய்தால், காம்பொசிஷனில் இல்லாத கடைக்காரர்கள் அந்த ரூ.90-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பங்கு பேசும்போதே, "வரி நீங்கலான லாபத்தில் பாதி" என்று எழுதிக்கொள்வது நல்லது.