எர்த்தைத் தேடு, தம்பி

தம்பி, பழைய கார் வயரிங் வேலைக்கு நீ சேர்ந்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் நாற்பது வருஷம் நான் பார்த்த வேலை. எனக்குத் தெரிந்ததில் பாதி, பிறர் காசில் நான் செய்த தவறுகளால் வந்தது. உனக்கு அந்த வழி வேண்டாம்.

1. பானெட்டைத் திறக்கும் முன் வண்டிக்காரரைப் பேசவிடு. கோளாறு மழையிலா, சூட்டிலா, ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போதா, எப்போது வருகிறது என்று கேள். ஆவடியில் ஒரு பெரியவர், "இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குதுப்பா" என்றார். பாதிப் பேச்சிலேயே எழுந்துபோய் ஃபிளாஷரை மாற்றினேன். அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. பின் விளக்கின் எர்த் துருப்பிடித்து, ஒரு பல்பின் கரண்ட் இன்னொரு பல்பு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

2. 'மாற்றிப் பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லாதே. 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி பக்கத்திலேயே பாடியில் இருந்தது. செல்ஃப் மோட்டார், டைனமோ எதுவும் எங்களுக்குத் தூரமில்லை. கைக்கு எட்டியதால் யோசிக்காமல் மாற்றும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. திருமுல்லைவாயலிலிருந்து ஒரு பிரீமியர் பத்மினி வந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி என்றேன், வண்டிக்காரர் வாங்கி வந்தார். மறுநாளும் 'டக்'. செல்ஃபைக் கழற்றி ஆர்மேச்சர், கார்பன் பிரஷ் எல்லாம் புதிதாகப் போட்டேன். மூன்றாம் நாள் சோக்கை இழுத்தவர் கையை உதறினார், கம்பி சுட்டுவிட்டது. அதைக் கேட்டதும் என் ஆசான் எழுந்து வந்தார். என்ஜினையும் பாடியையும் சேர்க்கும் எர்த் பட்டையைத் துணியால் துடைத்தார். கிரீஸுக்கு அடியில் அது இற்றுப்போய் இரண்டே இழையில் தொங்கியது. செல்ஃப் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட், திரும்பிப் போக வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய சோக் கேபிளைப் பிடித்திருக்கிறது. வண்டிக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். கொடுத்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

3. அதனால் எர்த்தில் தொடங்கு. பேட்டரி மைனஸில் மீட்டரின் ஒரு முனை, என்ஜின் பிளாக்கில் மறு முனை வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதை சரியில்லை. ஓய்வில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். இதைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுக்காமல்தான் வாத்தியாரின் காசைக் கரைத்தேன்.

4. வேலைக்கு முன் மோதிரத்தையும் வாட்சையும் கழற்று. பேட்டரியில் முதலில் மைனஸை எடு, கடைசியில் மைனஸைப் போடு. என் இடது மோதிர விரலைச் சுற்றி வளையம் போலிருக்கும் தழும்பைச் சின்ன வயதில் நீ தடவிப் பார்த்திருக்கிறாய். பிளஸில் இருந்த ஸ்பானரும் பாடியும் அந்த மோதிரத்தைத் தொட்ட ஒரு நொடியில் வந்தது அது.

5. ஃபியூஸ் போனால் காரணம் தெரியாமல் பெரிய ஃபியூஸ் போடாதே. பூந்தமல்லியில் ஒரு ராத்திரி, சவாரிக்கு நேரமாகிறது என்று அவசரப்பட்ட அம்பாசடர் டிரைவருக்காக, சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளை ஃபியூஸில் சுற்றிக் கொடுத்தேன். ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்வதற்குள் டாஷ்போர்டிலிருந்து புகை. பின் சீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் 'முடியாது, காலையில் வாருங்கள்' என்று சொல்லும் தைரியம் அன்று எனக்கு இருந்திருக்க வேண்டும்.

6. வெள்ளத்தில் நின்ற வண்டிக்குச் சாவி போடாதே. முதலில் பேட்டரியைக் கழற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றது. காய்ந்த பிறகு நன்றாக ஓடிய வண்டிகள் பல மாதம் கழித்துத் திரும்பி வந்தன. செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு உறைக்குள்ளேயே ஊர்ந்து ஏறும். கப்ளரை மட்டும் துடைத்துவிட்டுப் போகாதே. கம்பி பளபளக்கும் இடம் வரை வெட்டி எடு.

7. முன்னால் வேலை பார்த்தவனைத் திட்டாதே. அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. இன்று உன்னிடம் வரும் ஒவ்வொன்றிலும் பல கைகள் பட்டிருக்கும். பழைய லூகாஸ் முறையில் பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி வழியாக வருவது, பச்சை ஃபியூஸைத் தாண்டி வருவது, கறுப்பு எர்த். கிடைத்த நிறத்தில் கம்பி போட்டு ஒப்பேற்றினால் அடுத்தவன் வெயிலில் படுத்துத் தேடுவான். பல தடவை அந்த அடுத்தவன் நானாகவே இருந்திருக்கிறேன்.

8. ஒரு ஸ்க்ரூவை முறுக்கியதில் வேலை முடிந்தாலும் கூலியைக் கேள். தேடியதற்கும் கூலி உண்டு. கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடு.

9. உன் அம்மாவிடம் என் டெஸ்ட் பல்பைக் கொடுத்தனுப்புகிறேன். கார்புரேட்டர் வண்டிகளுக்கு மட்டும் வைத்துக்கொள். கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் மீட்டர்தான். ஒருமுறை இதன் இழை அறுந்திருப்பது தெரியாமல், கரண்ட் வரவில்லை என்று நம்பி ஒரு டாஷ்போர்டையே பிரித்துப்போட்டேன். தினமும் காலையில் முதலில் இதைப் பேட்டரியில் வைத்து எரிகிறதா பார். கிளிப்பில் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மாற்றிக்கொள்.