சேவை மன்றமும் உதவித்தொகையும்: ஒரு பதிவேடு கற்றுத் தந்த பாடம்

"ஏனுங்க சார், இதுல சேந்தா புள்ளைக்குப் பணம் ஏதாச்சும் வருங்களா?"

இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தில் மகனைச் சேர்க்க ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வந்த ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. காதர்பேட்டைக் கடைகளுக்குப் போகும் பனியன்களில் பிசிர் வெட்டிக் கொடுப்பது அவருடைய வேலை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. பள்ளிக்கு வந்துபோகும் ஒரு மணி நேரமும் அவருக்கு இழப்புதான். "சேவை செய்யத்தானம்மா சங்கம், பணத்துக்கு இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் தவறில்லை. ஆனால் அது பாதிப் பதில் என்பது மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த அந்த மாணவன், எட்டாம் வகுப்பில் எங்கள் சங்கத்தின் அணித்தலைவன் ஆனான். முதலுதவிப் பெட்டி அவன் பொறுப்பில் இருந்தது. தேசிய வருவாய் வழி மற்றும் தகுதி படிப்புதவித்தொகைத் தேர்வையும் எழுதித் தேர்ச்சி பெற்றான். பள்ளியே மகிழ்ந்தது. ஆனால் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்யும்போது ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் ஒரு பெயர் என்று இருந்தது. வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்படவில்லை. வருமானச் சான்றிதழும் கையில் இல்லை. எல்லாவற்றையும் சரிசெய்வதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய் அவன் கையை விட்டுப் போனது. ஒன்பதாம் வகுப்பிலேயே மாலை நேரங்களில் துணி மடித்து அடுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினான். பத்தாம் வகுப்புக்குப் பின் மேல்நிலையில் சேரவில்லை.

தேர்வுக்கான கோப்பு வேறொரு ஆசிரியரிடம் இருந்தது. சங்கக் கோப்பு என்னிடம் இருந்தது. ஆனால் அவனை நாள்தோறும் பார்த்தவன் நான்தான். ஒரு நாள்கூட அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்விலிருந்து பிறந்ததுதான் கீழே சொல்லப்போகும் நடைமுறை.

மூன்றையும் பிரித்து அறிவோம்

பெற்றோர் "பணம் வருமா?" என்று கேட்கும்போது நாம் மூன்று செய்திகளைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, மன்றத்துக்கு வரும் மானியம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நெறிமுறைகளில் இளையோர் மற்றும் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கென ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 15,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை இடம் உண்டு. இது செயல்பாட்டுக்கான பணம். செடி, விதை, விழிப்புணர்வுப் பலகை போன்றவற்றுக்குச் செலவாகும். மாணவர் கைக்கு வராது. இதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் வீண் எதிர்பார்ப்பும் இல்லை, வீண் சந்தேகமும் இல்லை.

இரண்டாவது, சான்றிதழால் வரும் வாய்ப்பு. தேசிய மாணவர் படையில் பள்ளிப் பருவத்தில் 'ஏ' சான்றிதழ் பெறுபவர் கல்லூரியில் தொடர்ந்து 'சி' சான்றிதழ் வரை செல்லலாம். உரிய தகுதிகளுடன் 'சி' சான்றிதழ் வைத்திருப்போருக்குத் தரைப்படை அதிகாரி பணிக்கு எழுத்துத் தேர்வின்றித் தேர்வு வாரிய நேர்காணலுக்குச் செல்லும் தனி வழி உண்டு. சாரண சாரணியர் இயக்கத்தில் ராஜ்ய புரஸ்காரையும் அடுத்துக் குடியரசுத் தலைவர் விருதையும் பெற்றவர்களுக்கு ரயில்வே பணியில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எடுத்து வைக்கும் அடி, இருபது வயதில் பலன் தருகிறது.

மூன்றாவது, மாணவருக்கே வரும் உதவித்தொகை. இது மன்ற உறுப்பினர் என்பதற்காக வருவதன்று. தகுதியுள்ள எல்லோருக்கும் உரியது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழித் தேர்வுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்ச்சி பெற்ற பிறகும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு பெற்றால்தான் (பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 5 விழுக்காடு தளர்வு) மேல்நிலையிலும் தொடரும். முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது. 500 மாணவர், 500 மாணவியர் தேர்வாகி ஆண்டுக்கு 10,000 ரூபாய் பெறுகின்றனர். கல்லூரிக்குச் செல்லும்போது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்புக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வை மாநகராட்சிப் பகுதிப் பள்ளியான எங்கள் மாணவர்கள் எழுத முடியாது. சுற்றியுள்ள கிராமப் பள்ளிகள் எழுதலாம். திருப்பூருக்கே பொருந்தும் இன்னொன்று, தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம் தொழிலாளர் குழந்தைகளுக்கு வழங்கும் கல்வி உதவித்தொகை. ஆலையில் நல நிதி பிடித்தம் செய்யப்படும் பெற்றோர் இதற்கு விண்ணப்பிக்கலாம். பிடித்தம் என்று தெரியும், பலன் உண்டு என்று தெரியாது என்பதே பல வீடுகளின் நிலை.

பதிவேட்டில் நான்கு கட்டங்கள்

சங்க உறுப்பினர் பதிவேட்டில் நான்கு கட்டங்களைக் கூடுதலாக வரைந்தோம். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் எமிஸிலும் ஒன்றாக உள்ளனவா? மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு இருந்து ஆதாருடன் இணைக்கப்பட்டுள்ளதா? வருமானச் சான்றிதழ் உள்ளதா? சாதிச் சான்றிதழ் உள்ளதா? ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' மட்டும்தான். எண் எதையும் எழுதுவதில்லை. ஏழாம் வகுப்பு முடியும்போதே இதைப் பார்த்துவிடுகிறோம். தேர்வு முடிவு வந்தபின் ஓடுவதைவிட, ஓராண்டுக்கு முன்னே நடப்பது எளிது.

அடுத்தது நேரம். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெற்றோரைப் புதன்கிழமை காலையில் அழைத்தால் யார் வருவார்கள்? ஞாயிறு காலை ஒரு மணி நேரம் பள்ளியில் இருக்கிறேன். எந்தச் சான்றிதழுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இ-சேவை மையத்துக்கு இரண்டு முறை அலைய வேண்டியவர் ஒரு முறையில் முடித்தால், அரை நாள் கூலி மிச்சம்.

சங்க மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காலை வணக்கக் கூட்டத்தில் கடைசித் தேதியை அறிவிக்கிறார்கள். முந்தைய ஆண்டு தேர்ச்சி பெற்ற அக்கா, அண்ணன்மார் எட்டாம் வகுப்புக்கு மாலையில் அரை மணி நேரம் மனத்திறன் கணக்குகளைச் சொல்லித் தருகிறார்கள். இதுவும் சேவைதான். ஆனால் ஆதார் நகலையோ, வங்கிப் புத்தகத்தையோ, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணையோ மாணவர் வழியாக வாங்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறோம். அவை ஆசிரியரும் பெற்றோரும் மட்டுமே கையாள வேண்டியவை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உதவித்தொகையைக் காட்டிச் சங்கத்துக்கு ஆள் சேர்க்கக் கூடாது. நன்றாகப் படிப்பவரை மட்டும் சேர்ப்பதும் கூடாது. எனவே அந்த நான்கு கட்டங்களைச் சங்கத்தில் இல்லாத மாணவர்களுக்கும் வகுப்பாசிரியர்கள் வழியாக நிரப்புகிறோம்.

அந்தத் தாயின் இளைய மகள் இப்போது ஆறாம் வகுப்பு. சங்கத்தில் சேர்க்க வந்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை. நானே உட்காரச் சொல்லி, மூன்று செய்திகளையும் பிரித்துச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "பெரியவனுக்கு இது தெரியாமப் போச்சுங்களே சார்" என்றார்.

உங்கள் பள்ளியிலும் ஏதாவது ஒரு மன்றத்தின் பதிவேடு இருக்கும். அதில் நான்கு கோடுகள் வரைய ஐந்து நிமிடம் போதும்.