குழந்தைக்கு ஓ.டி. வேண்டும் என்றார்களா? அக்கா சொல்வதைக் கேள்

"பையனை ஒரு ஓ.டி.கிட்ட காட்டுங்கம்மா" என்று யூ.கே.ஜி. மிஸ் சொன்னால் எந்த அம்மாவுக்கும் வயிறு கலங்கும். பயப்படாதே கண்ணு. ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபியில் ஊசி மாத்திரை எதுவும் கிடையாது. சாப்பிடுவது, சட்டை மாட்டுவது, பல் தேய்ப்பது, விளையாடுவது, பென்சில் பிடிப்பது என்று அந்த வயதுக் குழந்தை செய்கிற வேலைகளில் எது கைவரவில்லை, ஏன் வரவில்லை என்று பார்த்துப் பழக்குகிறார்கள். பிசியோதெரபிஸ்ட் உடம்பின் பலத்தையும் அசைவையும் கவனிப்பார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு பிள்ளை தன் நாளை எப்படி ஓட்டுகிறது என்று கவனிப்பவர் ஓ.டி. சில பிள்ளைகளுக்கு இரண்டு பேருமே தேவைப்படுவார்கள். இது நேற்று வந்த ஃபேஷனும் இல்லை. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இதைச் சொல்லிக்கொடுக்க 1950-லேயே பள்ளி தொடங்கிவிட்டார்.

தெரபி சென்டர் தேடுவதற்கு முன்னால் குழந்தை டாக்டரைப் பார். கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடு. போர்டு சரியாகத் தெரியாத பிள்ளையை "கவனமே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்போம். இரண்டு விஷயத்தில் மட்டும் "வளர்ந்தா சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதே. ஒரு வயது நிரம்பாத குழந்தை எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டி, மறு கையைச் சும்மா வைத்திருந்தால் உடனே காட்டு. எந்த வயதானாலும், வந்த பேச்சோ கற்ற வேலையோ மறைய ஆரம்பித்தாலும் உடனே காட்டு.

நிறைய அம்மாக்கள் கொண்டுவருகிற குறை, "எழுதவே மாட்டேங்கிறான்". நான்கு கோடு நோட்டு இன்னொன்று வாங்கி, இன்னும் பத்துப் பக்கம் எழுத வைப்பதால் பிள்ளைக்கு வெறுப்புதான் ஏறும். எழுதுவது விரல் வேலை மட்டும் இல்லை. முதுகும் தோளும் உறுதியாக நின்றால்தான் விரல் நுணுக்கமாக அசையும். ஒரு நிமிடம் உட்காராமல் மேஜை மேல் சாய்கிறானா, தலையைக் கையில் தாங்குகிறானா என்று பார். நாற்காலியில் கால் தொங்கினால் பழைய புத்தகங்களைக் கட்டிப் பாதத்துக்கு அடியில் வை. மேஜை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். முழு கிரேயானை உடைத்து விரலளவுத் துண்டாகக் கொடு. சின்னத் துண்டை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க முடியாது, விரல் நுனிக்குத் தானே வரும். சுவரில் காகிதம் ஒட்டி நின்றபடி வரையவிட்டால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை கிடைக்கும். மூன்று வயதுப் பிள்ளையிடம் மூன்று விரல் பிடியை வற்புறுத்தாதே. பல பிள்ளைகளுக்கு அது ஐந்து, ஆறு வயதுக்குள்தான் படியும்.

விரலுக்கு நம் சமையலறையை மிஞ்சிய கருவி இல்லை. சப்பாத்தி மாவு பிசையட்டும், பட்டாணி உரிக்கட்டும், பூண்டுத் தோல் எடுக்கட்டும், ஈரக் கைக்குட்டையைப் பிழிந்து கிளிப் மாட்டிக் காயப்போடட்டும். பாட்டி வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுத்து வை. சோழியை ஒவ்வொன்றாகக் குழியில் போடும்போது விரல் நுனிக்கும் எண்ணிக்கைக்கும் ஒன்றாகப் பயிற்சி. வாயில் போட்டுக்கொள்கிற வயதென்றால் மட்டும் பருப்பு, சோழி பக்கமே போகாதே.

அடுத்தது, "அடம்" என்று நாம் பெயர் வைத்துவிடுகிற சில விஷயங்கள். குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்தி அலறுவது, சட்டை லேபிள் உறுத்துகிறது என்று கழற்றி எறிவது, நகம் வெட்டினால் கத்துவது, கையில் சோறு ஒட்டினால் உதறுவது. தொடுதல், சத்தம், உடலின் சமநிலை போன்ற உணர்வுகளை மூளை எப்படிச் சேர்த்துக் கையாள்கிறது என்று அமெரிக்க ஓ.டி. ஜீன் ஏயர்ஸ் ஆராய்ந்து, 1972-ல் புத்தகமே எழுதினார். இப்படிப்பட்ட பிள்ளையை அடித்துப் பழக்க முடியாது. விசில் வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல். லேபிளை வெட்டிவிடு. குளித்து நகம் ஊறியபின் வெட்டு, எந்த விரல் முதலில் என்று அவனையே சொல்லவிடு. ஹோம்வொர்க்குக்கு முன் தண்ணீர்க் குடத்தில் கொஞ்சம் நிரப்பித் தூக்கிவரச் சொல், அரிசி டப்பாவைத் தள்ளச் சொல். இப்படி உடம்புக்கு அழுத்தம் தருகிற வேலைக்குப் பிறகு சில பிள்ளைகள் அமைதியாக உட்காருவார்கள். ஊஞ்சலும் நல்லதுதான், ஆனால் முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ உடனே நிறுத்து.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்த உணர்வுகளைப் பழக்குவதற்கென்று தருகிற சிகிச்சைக்கு ஆதாரம் இன்னும் போதாது, பலனை அளந்து பார்த்துத் தொடருங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2012-ல் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் சொன்னது. அதனால் யாராவது எடை ஜாக்கெட், பிரஷ், விளக்கு ரூம் என்று பட்டியல் நீட்டினால் முந்திக்கொண்டு பணம் கட்டாதே. "இதனால் என் பிள்ளையின் எந்த வேலை மாறும்? எப்போது தெரியும்?" என்று கேள். நல்ல தெரபிஸ்ட் இதற்குக் கோபப்பட மாட்டார். "கவனம் கூடும்" என்பது பதில் ஆகாது. "மூன்று மாதத்தில் தானே சட்டை பட்டன் போடுவான்" என்பது பதில்.

ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம் பெற்றவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை மட்டும் உள்ளே அழைத்துப்போகிற இடம் எனக்குப் பிடிக்காது. அம்மாவுக்குக் காட்டிக் கற்றுத்தர வேண்டும், ஏனென்றால் வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான் அங்கே, மீதி நேரமெல்லாம் வீட்டில்தான். வீட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன்: கடைசிப் படியை முதலில் கொடு. டிராயரைக் கால் நுழைத்து முழங்கால் வரை நீயே ஏற்றிவிடு, இடுப்புக்கு இழுப்பது அவன் வேலை. அது கைவந்ததும் ஒரு படி முன்னால் போ. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான், மறுநாள் தானே வருவான். அவசரக் காலைகளில் விட்டுவிடு, சாயங்காலம் குளித்தபின் பழக்கு.

பணம்தான் கவலை என்றால் அரசு வழி இருக்கிறது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் சுவஸ்திய காரியக்ரம் திட்டத்தில் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்கிறார்கள். அதன் கீழ் மாவட்டங்களில் ஆரம்ப நிலைச் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, உன் மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரி. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று சான்று இருந்தால் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சான்று வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்காக அவன் உரிமையை நீ விட்டுக்கொடுக்க வேண்டாம்.

முதல் நாள் போகும்போது எழுதிய நோட்டு, சாப்பிடுகிற, சாப்பிடவே மாட்டாத பண்டங்களின் பட்டியல், அவன் சிரமப்படுகிற நேரத்தில் போனில் எடுத்த இரண்டு சின்ன வீடியோ கொண்டுபோ. புது இடத்தில் பிள்ளை வேறு மாதிரி இருப்பான், வீடியோ இருந்தால்தான் வீட்டு நிலைமை அவர்களுக்குப் புரியும். அவனுக்குத் தூக்கமோ பசியோ வராத நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்கு.